ஜங்க் பெட்டியில் நடந்த ஆபீஸ்

போன வாரம் நிகிலிடமிருந்து போன். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கம்பெனியின் மெயில் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் அவன். பழைய ஸ்பாம் ஃபில்டரை அணைத்துவிட்டார்களாம். புதிதாக வந்திருப்பது தானே படித்துத் தானே முடிவெடுக்குமாம். ஏன் இந்த மெயிலைப் பிடித்து வைத்தாய் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காதாம்.

“எங்க மாமனார் மாதிரி மேடம்” என்றான்.

பழைய ஃபில்டருக்குக் கேக் வெட்டி வழியனுப்பப் போகிறார்கள், நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டான். எழுதுகிறேன், ஆனால் தமிழில்தான் எழுதுவேன் என்றேன். வேலையில் இருந்த காலம் பூராவும் இங்கிலீஷில் ‘கைண்ட்லி நோட்’ என்று எழுதி எழுதிக் கை சலித்துப் போயிருக்கிறது. அவனுக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. மொழிபெயர்க்கிற மென்பொருள் எதிலாவது போட்டுப் படித்துக்கொள்ளட்டும். ஒரு பக்கம் என்றுதான் கேட்டான். என் வாய் நீளம் அவனுக்குத் தெரியாததல்ல.

நான் கோயமுத்தூர்க்காரி. கணக்கில் பட்டம் வாங்கினேன். கல்யாணமாகி, ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்த கணவரோடு புனேயில் வானவடிக்கு வந்தேன். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன். பிறகு, சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு இணையதளமும் மெயிலும் அமைத்துக் கொடுக்கும் ஓர் இடத்தில் சேர்ந்தேன். முதல் சில வருஷம் பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் பாஸ்வேர்டு கொடுப்பதுதான் உத்தியோகம். அதன்பின் ஃபில்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயே தலை நரைத்தேன்.

ஸ்பாமைப் பிடிப்பது மெஷினின் வேலை. மெஷின் தப்பாகப் பிடித்த நல்ல மெயிலை மீட்பது எங்கள் வேலை. திருடனைப் பிடிக்கப் போன போலீஸ் பால்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தால், ஸ்டேஷனில் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து அவரை விடுவிக்க வேண்டும் இல்லையா, அந்த ஒருத்தர் நாங்கள். இப்படித் தப்பாக மாட்டும் நல்ல மெயிலுக்கு ஆபீஸில் ‘ஃபால்ஸ் பாசிட்டிவ்’, சுருக்கமாக ‘எஃப்.பி.’ என்று பெயர்.

பழைய ஃபில்டர் ஒவ்வொரு மெயிலுக்கும் மார்க் போடும். நம் பள்ளிக்கூடத்து மார்க் போல இல்லை. இங்கே மார்க் ஏற ஏறக் கெட்ட பெயர். கொஞ்சம் ஏறினால் மெயில் வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் ‘ஜங்க்’ என்கிற குப்பைப் பெட்டியில் போய் விழும். ரொம்ப ஏறினால் அங்கே போகவே போகாது, எங்களிடமே தடுத்து வைக்கப்படும். அந்த மெயிலை எதிர்பார்த்திருப்பவருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது.

என் மேலதிகாரி குல்கர்ணி மேடம். ஒல்லியான, குள்ளமான பெண்மணி, காட்டன் சேலை. ஸ்கூட்டரில் வரும்போது புனேப் பெண்கள் எல்லாரையும் போல முகத்தைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டியிருப்பார், கண் மட்டும் தெரியும். சீட்டுக்கு வந்து அதை அவிழ்த்து, மடித்து, டிராயரில் வைக்கும்வரை அவரிடம் யாரும் பேச மாட்டோம். அப்படி ஒரு சட்டமெல்லாம் கிடையாது, பயம்தான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இவரைச் சமாளிக்க முடியாது.

ஒரு எஃப்.பி.யை எடுத்துக்கொண்டு போனால் மேடம் மூன்று கேட்பார். நீ பார்த்தது என்ன, அடுத்தவர் சொன்னது என்ன, நீயாக நினைத்தது என்ன. மூன்றையும் கலந்து கொட்டினால், டீயை உறிஞ்சிக்கொண்டு நாம் பிரித்து முடிக்கும்வரை காத்திருப்பார்.

“நல்ல மெயில் ஒண்ணு தப்பா மாட்டிக்கிச்சு மேடம்” என்பேன்.

“மாட்டினது நீ பார்த்தது. நல்ல மெயிலுங்கறது கஸ்டமர் சொன்னது. தப்பாங்கறது நீ நினைச்சது” என்பார் மராத்தியில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து கணவரிடம், “சாம்பார்ல உப்பு கம்மிங்கறது நீங்க பார்த்ததா, நினைச்சதா” என்று கேட்டுத் தீர்த்துக்கொள்வேன்.

அவர் விடாப்பிடியாக வைத்திருந்த வழக்கங்கள் இரண்டு. மெயிலின் உள்ளே இருப்பதைப் படிக்கக் கூடாது, ஹெட்டரைத்தான் படிக்க வேண்டும். மெயில் எங்கெங்கே நின்று வந்தது, எந்த விதி எவ்வளவு மார்க் போட்டது என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். இன்னொன்று, எடுத்தவுடன் விலக்குக் கொடுக்கக் கூடாது. ‘இவர் மெயிலை இனிமேல் சோதிக்காதே’ என்று மெஷினிடம் ஒரு வரி எழுதிவிட்டால் வாடிக்கையாளர் வாழ்த்துவார், நாமும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் மெயில் ஏன் மாட்டியது என்பது கடைசிவரை தெரியாது. காய்ச்சல் எதனால் என்று தெரியாமல் மாத்திரை போடுகிற கதைதான் அது.

கோந்த்வாவில் ஒரு குடியிருப்பின் செயலாளர் இருந்தார். தண்ணீர் லாரி வராது, லிஃப்ட் ஓடாது என்று குடித்தனக்காரர்களுக்கு அவர் அனுப்பும் மெயிலெல்லாம் மாட்டும். ஹெட்டரைப் பார்த்தால், எல்லாம் பெரிய எழுத்து, எல்லாம் சிவப்பு, வரிக்கு வரி ‘அர்ஜென்ட்’. மெஷின் பயந்துபோய் மார்க்கை வாரி வழங்கியிருந்தது. சின்ன எழுத்தில் எழுதுங்கள் என்று போனில் சொன்னேன். சின்ன எழுத்தில் எழுதினால் எவன் மதிக்கிறான் என்று அவர் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். மனுஷர் பேசுவதும் பெரிய எழுத்தில்தான்.

குழந்தைப்பேறு மருத்துவர் ஒருவருடைய கேஸ் அப்படிச் சிரிக்கக் கூடியதாக இல்லை. அவர் நோயாளிகளுக்கு அனுப்பும் பரிசோதனை முடிவுகளில் இருந்த மருத்துவச் சொற்கள் அத்தனையும், ஊரெல்லாம் சுற்றும் அசிங்கமான மருந்து விளம்பரங்களிலும் இருந்தன. மேடம் ஒரு மத்தியானம் பூராவும் உட்கார்ந்து, அந்த மருத்துவரின் கணக்குக்கு மட்டும் அந்தச் சொற்களின் மார்க்கை ஒவ்வொன்றாகக் குறைத்தார். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. அந்த முடிவுக்காக எங்கேயோ ஒரு பெண் மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அது எங்களிடம் கிடக்கிறதே என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மெயில் என்றால் அந்தக் கோடியில் ஒரு ஆள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நான் எழுத உட்கார்ந்ததே கசார்வாடி கேஸுக்காக.

கசார்வாடியில் பழைய மும்பை ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மோரே என்பவரின் பட்டறை இருந்தது. வண்டிக் கம்பெனிகளுக்குப் போகிற சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் செய்வார்கள். மோரே ஒரு காலத்தில் இன்னொருவர் பட்டறையில் லேத் ஓட்டியவர், கஷ்டப்பட்டு மேலே வந்தவர். முதலாளி என்பதை மராத்தியில் ‘மாலக்’ என்பார்கள். பட்டறையில் எல்லாருக்கும் அவர் மாலக்தான். ஆபீஸ் என்று ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குள் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சாந்தி.

சாந்தி தமிழ்ப் பெண். அப்பா சேலத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர். இவள் பிறந்து வளர்ந்து கல்யாணம் கட்டியதெல்லாம் கசார்வாடியில். “அக்கா, பாஸ்வேர்டு விஸரலே” என்று போன் பண்ணுவாள். மறந்துவிட்டேன் என்று அர்த்தம். தமிழும் மராத்தியும் அவள் வாயில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். குரலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சொந்தக்காரப் பெண் போல ஆகிவிட்டாள்.

ஒருநாள் மோரேயே போன் பண்ணினார். அவருடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு பாகத்தின் டிராயிங்கை மாற்றி, துளையின் அளவைக் கூட்டி, மெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். மெயில் வரவே இல்லை என்கிறாள் சாந்தி. பட்டறையில் பழைய அளவுக்கே செய்து அனுப்ப, லாரியோடு திருப்பிவிட்டார்கள். “உங்க மெயிலை நம்பி நான் தெருவுல நிக்கறேன்” என்றார்.

தேடினேன். மெயில் எங்களிடம்தான் இருந்தது, தடுத்து வைக்கப்பட்டிருந்தது. உடனே விடுவித்துவிட்டு ஹெட்டரைப் படித்தேன். அனுப்பியவர் சரியானவர், வைரஸ் இல்லை, மற்ற விதிகள் எல்லாம் பூஜ்யம். ஒரே ஒரு வரியில் மட்டும் மார்க் மலை மாதிரி ஏறியிருந்தது. அது மெஷின் ‘கற்றுக்கொண்டது’ என்கிற வரி. எங்கள் வாடிக்கையாளரின் ஆபீஸில் யாராவது ஒரு மெயிலை ஸ்பாம் என்று குறித்தால், மெஷின் அதிலிருக்கும் சொற்களையும் கையெழுத்துப் பகுதியையும் மனதில் வைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பக் குறித்தால், அதே சாயலில் எது வந்தாலும் கெட்டது என்று முடிவு கட்டிவிடும். அந்தப் பெரிய கம்பெனியின் பதில் மெயில்கள் மட்டும் தப்பித்து வந்திருந்தன. அவற்றின் அடியில் சாந்தி எழுதிய மெயிலும் தொங்கிக்கொண்டிருக்கும், சாந்தியின் எழுத்தின்மேல் மெஷினுக்கு நல்ல அபிப்பிராயம். பதிலாக இல்லாமல் புதிதாக வந்த டிராயிங் மெயில் மாட்டிக்கொண்டது.

பார்த்ததைப் பார்த்தபடி மோரேயிடம் சொன்னேன். “உங்க ஆபீஸ் கணக்குலேர்ந்தே இந்தக் கம்பெனி மெயிலை ஸ்பாம் ஸ்பாம்னு ரொம்ப நாளா குறிச்சிருக்காங்க. மெஷின் அதை நம்பிடுச்சு.”

“என் ஆபீஸ்லேர்ந்தா?”

“ஆமாங்க.”

“டீக் ஹை” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் சாந்தி தன் சொந்த போனிலிருந்து கூப்பிட்டாள். அழுகையில் பாதி புரியவில்லை.

“ஏங்கண்ணு, அழுகாம சொல்லு.”

“உத்யாபாசூன் யேவூ நகோஸ்னுட்டாரு அக்கா.”

நாளையிலிருந்து வராதே. அவள் கணவன் அடுத்த சந்தில் இன்னொரு பட்டறையில் மெஷின் ஓட்டுகிறான். அங்கேயும் இதே மாதிரிப் பாகங்கள்தான், இதே பெரிய கம்பெனிதான் வாடிக்கையாளர். ஆர்டர் அந்தப் பக்கம் போகட்டும் என்று சாந்தி வேண்டுமென்றே மெயிலை ஸ்பாம் என்று குறித்தாள் என்பது மாலக்கின் முடிவு. கம்ப்யூட்டரில் உட்காருவது அவள் ஒருத்திதான், மெயில் கம்பெனியே சொல்லிவிட்டது, வேறென்ன சாட்சி வேண்டும். வாடிக்கையாளருக்கு போன் போட்டு அவள் பெயரைச் சொல்லியிருக்கிறார். அது போதாதென்று அடுத்த சந்துக்கே போய், அந்தப் பட்டறை முதலாளியிடம், ஆட்கள் எல்லாரும் கேட்க, உன் ஆளின் பெண்டாட்டி எனக்குக் குழி பறித்தாள் என்று சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

“அவரு ராத்திரி சாப்பிடலை அக்கா. நீ செஞ்சியான்னுகூட என்னைக் கேக்கலை. கேட்டாலும் பரவால்ல, கேக்காமயே இருக்காரு. நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, நான் பண்ணலைன்னு.”

என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. யார் குறித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த வார்த்தையை வைத்துத்தான் அவளை வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

குறித்த பதிவுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நாள்வாரியாகப் பார்த்தேன். அந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை, வியாழக்கிழமைதான். புனேயில் இருப்பவர்களுக்குத் தெரியும், வியாழக்கிழமை போனால் அந்தச் சந்துகளில் நாய் மட்டும்தான் இருக்கும். வியாழக்கிழமைகளிலும் குறித்திருந்தது. ஒன்றிரண்டு இல்லை, வாராவாரம். சாந்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன், அன்றைக்கு ஆபீஸ் பூட்டியிருக்கும், என் போனில் மெயில் கிடையாது என்றாள்.

மேடம் முகத்துத் துணியை அவிழ்ப்பதற்குள் போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவர் அவிழ்த்து, மடித்து, டிராயரில் வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “வியாழக்கிழமை குறி இருக்கு, இது நீ பார்த்தது. ஆபீஸ் பூட்டியிருந்துச்சு, சாந்தி போன்ல மெயில் வச்சுக்கலை, இதெல்லாம் அவ சொன்னது. சாந்தி பண்ணலை, இது நீ நினைச்சது” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு பொண்ணு வேலை போய், புருஷன் முகத்தைப் பார்க்க முடியாம உக்காந்திருக்கா மேடம். இப்பவும் பார்த்தது நினைச்சதுன்னு பிரிச்சுட்டு இருக்கணுமா?”

“அதனாலதான் பிரிக்கணும்” என்றார். “முந்தாநாள் நாம பாதியைப் பார்த்துச் சொன்னோம், இவ வேலை போச்சு. மிச்சப் பாதியையும் பார்க்காம இன்னைக்குச் சொன்னா வேற ஒருத்தன் வேலை போகும். பதிவுல கணக்கு தெரியுது, கை தெரியலை. கிளம்பு, போய்ப் பார்க்கலாம்.”

போவதற்கு முன் மோரேயைக் கூப்பிட்டார். எங்கள் பதிவில் உங்கள் கம்பெனியின் தொடர்பு ஆள் சாந்தி, அவர் பக்கத்தில் இல்லாமல் கணக்கைத் திறக்க எனக்கு அனுமதியில்லை, ஆகவே அவரையும் வரச் சொல்லுங்கள் என்றார். அப்படி ஒரு விதி இருந்தது உண்மைதான். அதை யாரும் சீந்தியதில்லை. அன்றைக்கு மேடம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்போடு போனேன். பட்டறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூலையில், திரும்பி வந்த பாகங்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. சாந்தி கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் நாற்காலி காலியாக இருந்தது, ஆனால் உட்காரவில்லை. மோரே அவளைப் பார்க்காமல் எங்களை வரவேற்றார். பருத்த ஆள், விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம் மாதிரி, நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. முகத்தைப் பார்த்தால் அவரும் தூங்கியதாகத் தெரியவில்லை.

மேடம் சாந்தியிடம், “உன் சீட்டுல உக்காரு. காலையில வந்ததும் என்ன பண்ணுவியோ அதை அப்படியே பண்ணிக் காட்டு” என்றார்.

சாந்தி மோரேயைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மெயிலைத் திறந்தாள். இன்பாக்ஸைத் தொடவே இல்லை, நேராக ஜங்க் பெட்டிக்குப் போனாள்.

“ஏன் அங்க போறே?” என்றேன்.

“கஸ்டமர் மெயிலெல்லாம் இங்கதான அக்கா இருக்கும்?”

எட்டிப் பார்த்தேன். இன்பாக்ஸ் முழுக்க வெளிநாட்டுச் சுற்றுலா, கிரெடிட் கார்டு, முடி வளரும் எண்ணெய். ஜங்க் பெட்டியில் ஆர்டர், டிராயிங், இரும்புக்காரரின் பில், வங்கி. ஒரு ஆபீஸ் முழுவதும் குப்பைத் தொட்டிக்குள் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அவள் தினமும் காலையில் அங்கே போய், வந்ததைத் திறந்து, பிரிண்ட் எடுத்து, ஃபைலில் போட்டுவிட்டு, மெயிலை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவாள்.

“சேர்ந்த நாள்லேர்ந்து இப்படித்தான் இருக்கு. இந்த சாஃப்ட்வேரே இப்படித்தான் போலன்னு நினைச்சேன்.”

நாங்கள் தடுத்து வைத்த மெயில்களின் பட்டியலை தினமும் அனுப்புவோம். அதுவும் அந்தப் பெட்டியிலேயே, திறக்கப்படாமல் வரிசையாகக் கிடந்தது. ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். “அது உங்க கம்பெனி விளம்பரம்னு நினைச்சேன் அக்கா” என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மோரே எழுந்துவிட்டார். “பார்த்தீங்களா மேடம், எல்லாம் ஸ்பாம்ல கிடக்கு. இவ தள்ளினதுதான், வேற யாரு?”

“நான் தள்ளலை மாலக். நான் அங்கேர்ந்து எடுக்கறேன்.”

“தானா போய் உக்காந்துக்குமா? நான் உன்னை மக மாதிரி வச்சிருந்தேன், நீ...” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டைப்பையில் போன் ‘டிங்’ என்றது. பேச்சை விடாமல் எடுத்தார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார், படித்தார். கட்டைவிரலால் திரையை வலமிருந்து இடமாக ஒரு இழுப்பு இழுத்தார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “...நீ எனக்கு இப்படிச் செஞ்சியே” என்று முடித்தார்.

சாந்தியின் திரையில் இரும்புக்காரரின் மெயில் ஒன்று இன்பாக்ஸில் வந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. ஜங்க் பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டது. என் லேப்டாப்பில் புதிதாக ஒரு வரி ஏறியது. அந்த மெயிலை ஸ்பாம் என்று குறித்தாயிற்று.

சாந்தி இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து தூக்கிவிட்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன், மேடம் என் மணிக்கட்டைத் தொட்டார்.

“மாலக், இப்ப என்ன மெயில் வந்துச்சு?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

“இரும்பு நாளைக்கு வருதாம்.”

“படிச்சுட்டு என்ன பண்ணீங்க?”

“என்ன பண்றது, பார்த்தாச்சு, தள்ளிட்டேன்.” போனை எடுத்து, பெருமையாகவே, இழுத்துக் காட்டினார். “இப்படி இழுத்தா போயிடும். பார்க்காதது நிக்கும், பார்த்தது போயிடும். வீட்டுலேர்ந்தும் பண்ணலாம், லீவு நாள்லயும் பண்ணலாம். விளம்பரம் வந்தா நான் தொடறதே இல்லை, படிச்சா புரியறதில்லை.”

அவர் போன் இங்கிலீஷில் இருந்தது. இங்கிலீஷில் கம்பெனிப் பெயர்களும் எண்களும் பிடிபடும், மற்றபடி அவர் படிப்பது மராத்தி. இழுக்கும்போது ஓரத்தில் வரும் ‘ஜங்க்’ என்கிற சின்னச் சொல் அவருக்கு வெறும் சிவப்புப் பொட்டு. ஆபீஸ் கணக்கை அவர் போனிலும் போட்டுக் கொடுத்தவன் யாரோ, அதே பாஸ்வேர்டு. எதையெல்லாம் முக்கியம் என்று உடனே எடுத்துப் படித்தாரோ, அதையெல்லாம் தன் கையாலேயே ஸ்பாம் என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மெஷினும் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளையாகக் கற்றுக்கொண்டது.

மேடம் என் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். “இன்னொரு மெயிலை இழுங்க. இந்தத் திரையைப் பார்த்துக்கிட்டே இழுங்க” என்றார். குற்றம் சொல்கிற குரலே இல்லை.

அவர் இழுத்தார். வரி ஏறியது. இன்னொன்றை இழுத்தார். இன்னொரு வரி ஏறியது. மூன்றாவது தடவை விரலைக் கொண்டுபோய்விட்டு இழுக்கவில்லை. தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் வடிந்துவிட்டது. பாவமாக இருந்தது.

“இவளுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது” என்றார் மேடம். “நீங்க தள்ளினது அவளுக்குத் தெரியாது, அவ அங்கேர்ந்து எடுத்தது உங்களுக்குத் தெரியாது. இது நாங்க பார்த்தது.”

மோரே வெளியே போய்ப் பாகங்கள் கிடந்த மூலையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். சாந்தி எழுந்து நின்றாள். உட்காரு என்று கையைக் காட்டினார்.

“அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் எழுது. நஷ்டம் என்னோடது, சரக்கைப் புது அளவுக்குத் திரும்பச் செஞ்சு தர்றேன். மெயில் எப்படி மாட்டுச்சுங்கறதையும் எழுது.”

அவள் அடித்தாள். அடித்து முடித்ததும், படித்துச் சொல்லுங்கள் என்றார் என்னிடம். நான் ஹிந்தியில் சொன்னேன். மெயிலில் ஏற்பட்ட டெக்னிகல் கோளாறு காரணமாக என்று அவள் எழுதியிருந்தாள்.

“டெக்னிகல்னா யாரு?”

“யாரும் இல்லைங்க. பொதுவா அப்படித்தான் எழுதுவாங்க.”

“இவளைத் திட்டினப்ப நான் பொதுவா சொல்லலை. பேரைச் சொல்லித்தான் சொன்னேன்” என்றார். “சாந்தி, அதை அழிச்சுட்டு என் பேரைப் போடு. முழுப் பேரும் போடு. என் கை பண்ணின தப்பு, சாந்தி மேல தப்பில்லைன்னு போடு.”

அவள் அழித்தாள். அவர் பெயரை முழுதாக அடித்தாள். தன் பெயர் வருகிற இடத்தில் கொஞ்சம் தயங்கி, அதையும் அடித்தாள்.

“காப்பி அடுத்த சந்துக்கும் போடு.”

விரல் நின்றுவிட்டது. “அவங்களுக்கு எதுக்கு மாலக்? உங்களை வச்சு சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். அங்கதான உன் வீட்டுக்காரன் தலையைக் குனிஞ்சுட்டு மெஷின் ஓட்டறான். போடு.”

அந்த முகவரியை அடிக்கும்போது அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்காமலே அனுப்பினாள். நானும் முந்தானையைத் தேடினேன். மேடம் மட்டும் கண்ணாடித் தடுப்பு வழியாக லேத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ வந்தது. குடித்து முடிக்கும் முன் மோரேயின் போன் ‘டிங்’ என்றது. அவர் போனைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அடுத்த சந்து முதலாளியின் பதில். இரண்டே வாக்கியம், நான் சத்தமாகப் படித்தேன். மெயில் கிடைத்தது, அவனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன்.

சாந்தி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். மோரே போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பழக்கத்தில் கட்டைவிரல் திரைக்கு மேலே போய், தொடாமல் நின்றது.

“சாந்தி, இதை நான் என்ன பண்ணணும்?” என்று கேட்டார்.

அவள் கையை விலக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அப்படியே விடுங்க மாலக். நான் பார்த்துக்கறேன்.”